கறிபாப்போடு மூலையில் நின்ற தங்கைக்கு

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 25 வயது. பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். லோரி எடை பார்க்கும் எடை மேடையின் மென்பொருள், சம்பளக் கணக்கு இரண்டையும் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். கோட் பற்றிப் பேச இங்கே ஆளே இல்லை. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் கோலாலம்பூரில் ஒரு டெவலப்பர் மீட்டப்புக்கு, அதாவது மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார்கள். இடைவேளையில் கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றுவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பி வந்துவிட்டேன். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இப்போது 4,500 ரிங்கிட் கட்டினால் மூன்று மாதம் வார இறுதிப் பயிற்சி, சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? இல்லை, மறுபடி மீட்டப்புக்கே போகலாமா? நம்ம ஊரிலேயே இப்படி ஒன்று நடத்த முடியாதா என்றும் ஓர் ஆசை இருக்கிறது. (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

பதில்: ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் அப்படிக் கிளம்பி வந்தவன்தான். என் முதல் கூட்டத்தில் இடைவேளை அரை மணி நேரம். சுவரில் ஒட்டியிருந்த தீ விபத்து வழிகாட்டிப் படத்தை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். மூன்று முறை கழிவறைக்குப் போனேன். லயத்தில் வளர்ந்து, அப்பா பால்மரம் சீவிய காசில் கணினி படித்தவனுக்கு இந்த அறையில் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இன்றைக்கும் தெரியாத கூட்டத்துக்குப் போனால் முதல் பத்து நிமிடம் கையை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

அதனால் உங்கள் கூச்சத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. கூச்சம் இருக்கட்டும். நீங்கள் கேட்பதற்கு மட்டும் போனீர்கள், தடுமாறியது அங்கேதான். பேச்சைக் கேட்க மூன்று மணி நேரம் ரயிலில் போக வேண்டியதில்லை. பெரிய கூட்டங்களின் உரைகள் பல யூடியூப்பில் வந்துவிடுகின்றன, வீட்டில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அங்கே நேரில் மட்டும் கிடைப்பது அந்த இடைவேளைதான். அதற்கு ஏதாவது கையில் கொண்டு போக வேண்டும். ஒன்றும் கொண்டு போகாததால் கறிபாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

என்ன கொண்டு போவது என்று கேட்பீர்கள். உங்கள் எடை மேடையைக் கொண்டு போங்கள்.

சொல்லுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆலையில் அதே வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும். டிரைவர் இஞ்சினை நிறுத்தமாட்டார். திரையில் எண் ஆடிக்கொண்டே இருக்கும்: 24,360, 24,400, 24,340. எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் இருந்து சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு ஒரு நொடிக்குப் பல வரிகள் வந்து கொட்டும். பல இண்டிகேட்டர்களில் வரியின் தொடக்கத்தில் எஸ்.டி. என்றிருந்தால் எடை நிலைத்துவிட்டது, யு.எஸ். என்றிருந்தால் இன்னும் ஆடுகிறது. பழைய மென்பொருளை எழுதியவர் இதைக் கவனிக்காமல் முதலில் வந்த வரியையே எடுத்துக்கொண்டிருந்தார். ஏறும்போது ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எடை, இரண்டின் வித்தியாசத்துக்குத்தான் சிறுதோட்டக்காரருக்குக் காசு. இருபது கிலோ இப்படி, நாற்பது கிலோ அப்படி. மழை நாளில் மேடையில் சேறு அப்பிக்கொண்டால் வெறும் மேடையே எடை காட்டும். ஒரு நாள் ஒரு லோரியின் பின்சக்கரம் மேடைக்கு வெளியே நின்றது. மென்பொருள் அதையும் சமர்த்தாகப் பதிந்துகொண்டது.

கோலாலம்பூரில் அந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்? அவர்களில் பெரும்பாலோர் கட்டணச் செயலி, சாப்பாடு ஆர்டர் பண்ணும் செயலி என்று ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள். ஆடுகிற எடையை எப்போது நம்புவது என்று நீங்கள் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். சென்சார் வேலை செய்கிற ஒருவர் அங்கே எப்படியும் இருப்பார். அவர் உங்களுக்கு இரண்டு வழி சொல்லுவார். அந்த இரண்டு வழியும் எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது.

பெரும்பாலான கூட்டங்களில் மின்னல் பேச்சு என்று ஒன்று வைப்பார்கள். ஐந்து நிமிடம், நேரம் முடிந்தால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள். அதற்கு ஆள் கிடைக்காமல் ஏற்பாட்டாளர்கள் தவிப்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானே தவித்திருக்கிறேன். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவர்களுக்கு நாலு வரி எழுதுங்கள்: இன்ன ஆலையில் வேலை என்று சொல்ல வேண்டாம், செம்பனை ஆலை எடை மேடையில் எனக்கு வந்த ஒரு சிக்கலைக் காட்டுகிறேன் என்றால் போதும். பேச்சுக்கு மூன்று படம்: லோரி நிற்கும் ஒரு புகைப்படம், ஆடுகிற எண்கள் வந்த ஒரு திரை, நீங்கள் செய்த ஒரு தவறு. தவறைக் கட்டாயம் வையுங்கள். அப்புறம் உங்களிடம் வந்து பேசுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆலை மேலாளரிடம் வாய்மொழியாக இல்லாமல் மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். குலை விற்றவர் பெயர், லோரி எண், விலை எதுவும் திரையில் வரக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் நிறைவேறி, 2013ல் இருந்தே நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதை விடுங்கள், உங்கள் வேலையும் முக்கியம். பொய் எண்களைப் போட்டு ஒரு மாதிரிக் கோப்பு செய்துகொள்ளுங்கள், அரை மணி நேர வேலை.

ஆங்கிலம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அங்கே பேசுவது பாதி ஆங்கிலம், கால் மலாய், மீதி 'லா'. முதல் இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், நடுக்கம் அந்த இரண்டு வாக்கியத்தில்தான். மூன்றாவதில் இருந்து திரையைக் காட்டிப் பேசலாம். தெரியாத கேள்வி வந்தால் 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே பார்த்துச் சொல்லுங்கள். அப்படிப் பதில் எழுதி எனக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

இடைவேளை மூலைக்கு ஒரு மருந்து இருக்கிறது. ரீட் த டாக்ஸ் என்ற மென்பொருள் ஆவணத் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர், பேக்மேன் விதி என்று ஒன்று சொன்னார். பழைய வீடியோ விளையாட்டில் வாயைத் திறந்துகொண்டு ஓடுமே ஒரு மஞ்சள் வட்டம், அது மாதிரி நில்லுங்கள் என்கிறார். வட்டமாக நின்று பேசும்போது ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட வேண்டும், அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓர் இடைவெளி. நல்ல ஏற்பாட்டாளர்கள் இதைத் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுவார்கள். சொல்லாத இடத்திலும் நீங்கள் அந்தத் திறந்த வாயைத் தேடிப் போய் நிற்கலாம்.

எனக்கு அதைவிட நம்பிக்கையானது பதிவு மேசைதான். தன்னார்வலராக வருகிறேன் என்று சொல்லுங்கள். பெயர் அட்டை எடுத்துக் கொடுக்கிற வேலைதான். வருகிற எல்லாரும் உங்களிடம் பெயர் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். இடைவேளையில் அவர்களே வந்து, 'காலையில் பார்த்தோமே' என்பார்கள். கல்யாண வீட்டில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு வாசலில் நிற்கிற பெண்ணை எல்லாருக்கும் தெரிந்துவிடும் இல்லையா, அதே கதை.

எங்கே போவது? கூகுள் டெவலப்பர் குழுக்கள் கோலாலம்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் இருக்கின்றன. அவர்களுடைய ஆண்டுக் கூட்டமான டெவ்ஃபெஸ்ட் பெரும்பாலும் வருடக் கடைசியில் வரும். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவர் என்றால் அதற்கென்றே நடக்கும் பைகான் கூட்டங்களைக் கவனியுங்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பைகானே 2017ல் கோலாலம்பூரில் நடந்தது. இப்படிப்பட்ட மாநாடுகளில் சில, பயணச் செலவுக்கு உதவியும் தருவதுண்டு. அந்தப் படிவத்தை நிரப்ப நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள், வெட்கப்படாதீர்கள். தலைநகரையே பார்த்துக்கொண்டிருக்காமல் வடக்கையும் பாருங்கள். இ.டி.எஸ். ரயில் பிடித்து பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறினால் ஜார்ஜ் டவுன். உங்கள் ஊரில் எல்லா வண்டியும் நிற்காது, நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். திரும்பும் டிக்கெட்டைக் கடைசி வண்டிக்கே எடுங்கள், சீக்கிரம் ஓடி வர மனசு வராது.

பெண்களுக்கென்றே ஜாங்கோ கேர்ள்ஸ் என்று, பைத்தானில் இணையத்தளம் கட்டப் பழக்கும் ஒரு பயிலரங்கு இருக்கிறது. 2014ல் பெர்லினில் இரண்டு பெண்கள் தொடங்கினார்கள், பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கட்டணம் கிடையாது. மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கில் உட்கார வைப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர், அதனால் மாணவியாகப் போவதைவிட அந்த மூன்று பேருக்குப் பக்கத்தில் உட்கார்கிற பயிற்றுநராகப் போங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது தெரியும்.

இனி அந்த 4,500 ரிங்கிட்.

முதலில் என் புலம்பல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் இரண்டு மாதச் சேமிப்பைக் கொட்டி ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். பேர் வேண்டாம். குளிரூட்டிய அறை, அழகான கோப்புறை, பேனா. பயிற்றுநர் திரையில் இருந்ததை வாசித்தார். முதல் நாள் மதியம் வரை மென்பொருளை நிறுவுவதிலேயே போயிற்று, ஏனென்றால் இருபது மடிக்கணினியும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையில் பதிவிறக்கம் செய்தன. மூன்றாம் நாள் மதியம் சான்றிதழோடு படம் எடுத்துக்கொண்டோம். அந்தச் சான்றிதழை அம்மா ரொம்ப நாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வேறு யாரும் அதைப் பார்க்கக் கேட்டதில்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களைத் தொலைபேசியில் பிடித்து, சொல்லிக்கொடுப்பவர் யார், அவர் கட்டிய மென்பொருள் எது, இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் என் கை விசைப்பலகையில் இருக்கும் என்று கேளுங்கள். போன முறை படித்த ஒருவரோடு நான் பேச முடியுமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கேயே நன்றி சொல்லி வைத்துவிடலாம். வேலைக்கு உத்தரவாதம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, சிறிய எழுத்துகளையும் படியுங்கள். வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா, அதற்கு என்னென்ன நிபந்தனை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதோடு, உங்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. எந்த வேலைக்கு உத்தரவாதம்?

இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 10 மலேசிய ஊழியர்களோ அதற்கு மேலோ வைத்திருக்கிற முதலாளிகள், எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு லெவி கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் சட்டத்தை விரிவாக்கியபோது தோட்டத் துறையும் உள்ளே வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், ஆனால் உங்கள் ஆலையில் அலுவலகம், பட்டறை, ஆய்வுக்கூடம் எல்லாம் சேர்த்தால் பத்து பேர் தேறுவார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பணம் உங்கள் சம்பளத்தில் பிடித்தது இல்லை, முதலாளி கட்டுவது. அவர் அதை ஊழியர் பயிற்சிக்குத்தான் எடுக்க முடியும், சும்மா கிடந்தால் அவருக்கு லாபம் இல்லை. ஆகவே உங்கள் கைக்காசைத் தொடுவதற்கு முன், கிராணியிடமோ மனிதவளத்திலோ போய், 'நம்ம லெவியில் எவ்வளவு இருக்கிறது' என்று கேளுங்கள். பதிவு பெற்ற பயிற்சி நிறுவனமாக இருக்க வேண்டும், பயிற்சி தொடங்கும் முன்பே முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டையும் மட்டும் மறக்காதீர்கள். எடை மேடையில் எடை தவறினால் ஆலைக்கு எவ்வளவு நட்டம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் மேலாளர் உட்கார்ந்து கேட்பார்.

ஆக, என் பதில்: அந்த விளம்பரத்துக்கு இப்போது வேண்டாம். ஆலைப் பணத்தில் நல்ல பயிற்சி கிடைத்தால் போங்கள். மீட்டப்புக்குக் கட்டாயம் போங்கள், எடை மேடையோடு.

ஊரில் நடத்தலாமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் நான் முழுப் பதிலையும் எழுத நினைத்தேன், இடம் குறைந்துவிட்டது.

நீங்கள் எனக்குத் தமிழிலேயே தட்டி அனுப்பியிருக்கிறீர்கள். தமிழ்99 விசைமுகமா, ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டுகிற அஞ்சல் முறையா தெரியாது. தமிழ்99 என்பது 1999ல் சென்னையில் பல நாட்டுக்காரர்கள் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. அஞ்சல் முறை நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலோடு பரவியது. அந்த மாநாடு 2001ல் கோலாலம்பூருக்கும் வந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆளுக்கு ஓர் எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய வம்பா அது? ஒரே அறையில் உட்கார்ந்து, சண்டை போட்டு, டீ குடித்து, மறுபடி சண்டை போட்டுத்தான் தீர்ந்தது.

அப்புறம், கூட்டம் சேர்ப்பதை உங்கள் ஊருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். நமக்குத் தேவை ஒரு மேசையும் நாலு நாற்காலியும்.

இடத்துக்குக் காசு வேண்டாம். முன்பு பெடி என்று பெயர் வைத்திருந்த இணைய மையங்களுக்கு இப்போது நாடி என்று பெயர். மலாயிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது, நமக்கும் அதே பொருள், வசதி. கணினியும் இணையமும் அங்கேயே இருக்கும். மேலாளருக்கும் நிகழ்ச்சி நடந்தால் அறிக்கையில் எழுத ஒன்று கிடைக்கும், மறுக்கமாட்டார். கிடைக்காவிட்டால் தமிழ்ப்பள்ளிக் கணினி அறை, கோயில் மண்டபம். திருவிழாக் கமிட்டியில் யாரையாவது தெரியும் அல்லவா? மைக் செட், புரொஜெக்டர், எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் அவர்களிடம் பூட்டிக் கிடக்கிறது.

யார் வருவார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. 'டெவலப்பர்கள் வாருங்கள்' என்று அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் யாரும் தன்னை அப்படி நினைத்துக்கொள்வதில்லை. கைப்பேசிக் கடையில் பழுது பார்க்கிற தம்பி, கணக்காளர் அலுவலகத்தில் எக்செல் மேக்ரோ எழுதுகிற அக்கா, இடைநிலைப்பள்ளிக் கணினி ஆசிரியர், சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிற யாரோ ஒருவர், இவர்கள்தான் உங்கள் கூட்டம். இவர்கள் எல்லாரையும் இழுக்கிற தலைப்பு இப்போது ஒன்றே ஒன்றுதான்: மின்-விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ். 2024 ஆகஸ்ட் 1ல் ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாகச் சின்ன நிறுவனங்களுக்கும் இறங்கி வந்திருக்கிறது. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு ஜேசன், எக்ஸ்எம்எல் என்ற இரண்டு கோப்பு வடிவங்களில் ஒன்றில் அனுப்பலாம், சோதனை செய்து பார்க்கத் தனிக் களமும் இருக்கிறது. ஒரு மாதிரி விலைப்பட்டியலை அங்கே அனுப்பி, அது திருப்பி அடிக்கிற பிழையை எல்லாரும் சேர்ந்து படியுங்கள். இரண்டு மணி நேரம் போனதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், கல்யாணம், கருமாதி எல்லாம் அன்றைக்குத்தான். சனிக்கிழமை மாலை வையுங்கள். முதல் முறை மூன்று பேர் வந்தால் அது கூட்டம்தான், இரண்டாவது தேதியை அந்த மூன்று பேரும் எழுந்து போவதற்கு முன் குறித்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தால் விரட்டாதீர்கள். உரை ஒன்று, பதினைந்து நிமிடம் போதும். மீதி நேரம் ஆளுக்கு ஒரு சிக்கல். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மட்டும் முதல் நாளே தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், நம் ஆட்களைத் தெரியும் அல்லவா, ஆறு மாதத்தில் இரண்டு சங்கமாகிவிடும்.

தேதி குறித்ததும் எனக்கு எழுதுங்கள். ஈப்போவில் இருந்து அரை மணி நேரம்தான், நான் வருகிறேன். சீரியல் கேபிள் ஒன்று கைவசம் இருக்கிறது, பழைய இண்டிகேட்டர் ஒன்றும் அதன் சின்ன எடைத்தட்டோடு வீட்டில் தூசி படிந்து கிடக்கிறது. அதை மேசையில் வைத்து அரிசி மூட்டையை ஏற்றி இறக்கி, எண் ஆடுவதைக் காட்டலாம். மூட்டையை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.